உயிர் காக்கும் சின்ன விசிறி!

அமெரிக்காவில் விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஏரிக்குப் போய், மோட்டார் படகில் சுற்றுவோர் பலர். விவரம் தெரிந்தவர்கள், படகில் ஏறியதும் என்ஜினைக் கிளப்புவதில்லை. முதலில் ஒரு சின்ன விசிறியைச் சுழல விடுகிறார்கள். 4 நிமிடம் காத்திருக்கிறார்கள். ஏன்?

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால், படகின் அடியில் போய்த் தங்கிவிடும். 100 பங்கு காற்றில் ஒன்றரைப் பங்கு ஆவி கலந்திருந்தாலே போதும். ஒரு பொறி பட்டால் படகு வெடித்துவிடும்! அந்த ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளுவதுதான் விசிறியின் வேலை.

மூடிய அறைக்குள் பெட்ரோல் என்ஜின் உள்ள படகுகளுக்கு, 1980 ஆகஸ்டு முதல் அங்கே இந்த விசிறி கட்டாயம்.

விசிறி நின்றுவிட்டால்?

முதலில் என்ஜின் அறையைத் திறந்து காற்றாட விடவேண்டும். பெட்ரோல் வாடை போன பிறகுதான் வேலையில் கை வைக்கவேண்டும். பியூஸ் போயிருக்கிறதா, ஒயரில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். விசிறி சுற்றியும் காற்று வெளியே வராவிட்டால், குழாய் கிழிந்திருக்கலாம்.

மோட்டாரே எரிந்து போயிருந்தால், படகுக்கென்று செய்த விசிறியைத்தான் மாட்டவேண்டும். அதன் மோட்டாரில் எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காது. காசை மிச்சப்படுத்த நினைத்துக் கார் விசிறியை மாட்டினால், அதுவே படகுக்குக் கொள்ளி வைத்துவிடும்!

விசிறி சுழன்ற பிறகும், மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கவேண்டும். வாடை அடித்தால், அன்று சவாரி இல்லை!