சுகர் கிளைடருக்குப் பழத்தட்டு போதாது

கூண்டுக் கம்பியில் தொற்றி ஏறிக்கொண்டிருந்த சுகர் கிளைடர் ஒருநாள் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு ஊர்கிறது. எங்கோ விழுந்து அடிபட்டிருக்கும் என்று நினைத்துத்தான் பலரும் அதை மருத்துவரிடம் தூக்கி வருகிறார்கள். அனுபவமுள்ள கால்நடை மருத்துவரோ முதலில் சாப்பாட்டைப் பற்றித்தான் விசாரிப்பார். ஆப்பிள், திராட்சை, கொஞ்சம் மக்காச்சோளம், ஆசைக்கு இரண்டு புழு என்று பதில் வந்தால், எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே அவருக்குப் பாதி விளங்கிவிடும்.

உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பைப்பாலூட்டியின் எடை ஏறத்தாழ 100 கிராம். ஆஸ்திரேலியாவும் நியூகினித் தீவும் இதன் தாயகம். அமெரிக்காவில் செல்லப்பிராணியாகப் பரவிவிட்டது. ஆனால் கலிபோர்னியா, ஹவாய், அலாஸ்கா போன்ற மாநிலங்களில் வீட்டில் வளர்க்கத் தடை. நல்ல கவனிப்பில் 10 முதல் 12 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. அந்த ஆயுளைக் குறைப்பதில் தவறான உணவுக்குப் பெரும் பங்கு உண்டு.

காட்டில் என்ன சாப்பிடுகிறது?

பழந்தின்னி என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். காட்டில் பழம் இதற்குப் பெரிய உணவே அல்ல. விக்டோரியா மாநிலக் காடுகளில் இதன் உணவைப் பற்றி 1982இல் வெளியான ஆய்வு, அகேசியா மரப் பிசினும் யூகலிப்டஸ் மரச்சாறும் பூச்சிகளுமே முக்கியம் என்று காட்டியது. பூச்சிகள் மலிந்த வெயில் காலத்தில் அவற்றை வேட்டையாடும். குளிர்காலத்தில் பட்டையைக் கீறிச் சாற்றையும் பிசினையும் நக்கும். பூந்தேன், மகரந்தம், சில பூச்சிகள் சுரக்கும் இனிப்புத் திரவம் ஆகியவையும் உண்டு. சமயம் வாய்த்தால் பறவை முட்டையையும் விடாது.

இதன் உடலும் அந்த உணவுக்கென்றே அமைந்தது. பட்டையைக் கீற நீண்ட கீழ்ப்பற்கள். பிசினை நொதிக்கவைத்துச் செரிக்கப் பெருங்குடலின் தொடக்கத்தில் ஒரு பெரிய பை. அந்தப் பற்கள் எலியின் பற்களைப்போல் வளர்ந்துகொண்டே இருப்பவை அல்ல. அவற்றை வெட்டிவிடச் சொல்லும் ஆலோசனையைக் காதில் வாங்கவே கூடாது.

கால்சியக் கணக்கு

உணவில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவாவது கால்சியம் இருக்க வேண்டும். இரண்டு மடங்குவரை இருக்கலாம். வீட்டுத் தட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. நூறு கிராம் வாழைப்பழத்தில் கால்சியம் சுமார் 5 மில்லிகிராம், பாஸ்பரஸ் 22. மக்காச்சோளம் இன்னும் மோசம்: கால்சியம் 2, பாஸ்பரஸ் 89. பப்பாளியிலும் ஆரஞ்சிலும் கணக்கு சரியாக இருந்தாலும், சர்க்கரை மிகுந்த அவற்றை மட்டுமே கொடுத்து வளர்க்க முடியாது. புரதம் போதாமல் போகும். சரி, புரதத்துக்குப் பூச்சி கொடுக்கலாம் என்றால் அங்கும் இதே சிக்கல். கடைகளில் விற்கும் சில்வண்டிலும் மீல்வார்ம் புழுவிலும் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம்.

இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து அதை எடுத்து ஈடுகட்டும். வெளியே எதுவும் தெரியாது. கிளைடர் வழக்கம்போல் தாவும், விளையாடும். எலும்பு மட்டும் மெலிந்துகொண்டே வரும். பிறகுதான் நடுக்கம், பின்னங்கால் தளர்ச்சி, எலும்பு முறிவு, வலிப்பு எல்லாம் வரிசைகட்டும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால், ஏறித் தாவ இடமில்லாத சிறு கூண்டில் ஓய்வு, கால்சியச் சிகிச்சை, உணவு மாற்றம் ஆகியவற்றால் தேற வாய்ப்புண்டு.

அப்படியானால் தட்டில் என்ன வைப்பது?

சிட்னியின் டரோங்கா விலங்குக்காட்சிச்சாலை லெட்பீட்டர் போசம் என்ற அரிய உயிரினத்துக்காக உருவாக்கிய கலவையே இன்றைய பல செய்முறைகளுக்கு மூலம். 150 மில்லி வெதுவெதுப்பான நீர், 150 மில்லி தேன், ஓடு நீக்கிய ஒரு வேகவைத்த முட்டை, 25 கிராம் புரதம் மிகுந்த குழந்தைத் தானிய உணவு, ஒரு தேக்கரண்டி வைட்டமின்-தாதுப் பொடி. தேனை நீரில் கரைத்து, மற்றவற்றைச் சேர்த்துக் கட்டியில்லாமல் அடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார்கள். கால்நடை மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் ஒரு முறையில் இந்தக் கலவை பாதி, பூச்சியுண்ணிகளுக்கான தயார் உணவு பாதி. கீரை, காய், பழம் எல்லாம் தொடுகறி அளவில்தான்.

செய்முறை எதுவானாலும் அப்படியே பின்பற்றுவது நல்லது. இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று இரண்டைக் கலந்தாலும், பிடிக்கவில்லை என்று பொடியை விட்டாலும் கால்சியக் கணக்கு குலைந்துவிடும். பொடியை அள்ளிக் கொட்டுவதும் ஆபத்து. வைட்டமின் டி மிகுந்தாலும் கேடுதான்.

பூச்சிகளுக்கு ஓரிரு நாள் கால்சியம் மிகுந்த தீனி கொடுத்து, கால்சியப் பொடியில் புரட்டியபின் வைக்கலாம். மீல்வார்மில் கொழுப்பு அதிகம் என்பதால் அளவோடு போதும். தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம், பூச்சிமருந்து பட்டிருக்கலாம். பூஞ்சை பிடித்த நிலக்கடலையோ சோளமோ தின்ற பூச்சி வழியாகவும் அஃப்லாடாக்சின் நஞ்சு கிளைடரின் ஈரலைத் தாக்கும்.

சாக்லேட், காபி, தேநீர், வெங்காயம், பூண்டு, அவகாடோ இவற்றைக் கண்ணில்கூடக் காட்ட வேண்டாம்.

அளவும் நேரமும்

நாளொன்றுக்கு உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம் உணவு போதும். நூறு கிராம் கிளைடருக்கு 15 முதல் 20 கிராம்தான் வரும். சில ஸ்பூன்தானா என்று மனமிரங்கி அள்ளி வைத்தால், இனிப்பை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைத் தள்ளிவிடும். அதன் விளைவு உடற்பருமனும் பல்நோயும். இரவில் விழித்திருக்கும் உயிர் என்பதால் மாலையில் தட்டை வைத்து, மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும். நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வைக்கலாம். நமக்கு 10 கிராம் ஒன்றுமில்லை; இதற்கு அது உடலில் பத்தில் ஒரு பங்கு.

வாங்குவதற்கு முன்பே இத்தகைய பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் அருகில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கால் இழுபட்டாலோ உடல் நடுங்கினாலோ ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலோ, கைமருத்துவம் பார்க்காமல் அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.