குடலைத் தைக்கும் வித்தை

நோயுற்ற குடற்பகுதியை அறுத்தெடுப்பதைக் காட்டிலும், எஞ்சி நிற்கும் இரு முனைகளை மீண்டும் ஒன்றாகச் சேர்ப்பதே சஸ்திர வைத்தியர்களுக்கு நெடுங்காலம் கடினமான காரியமாக இருந்து வந்திருக்கிறது. ஏனெனில் கணக்கற்ற கிருமிகள் குடியிருக்கும் அந்தக் குழாயில் சிறு கசிவு ஏற்பட்டாலும், மலமும் கிருமிகளும் வயிற்றறைக்குள் பரவிச் சில தினங்களிலேயே பிராணாபாயத்தை உண்டாக்கிவிடும்.

பொத்தலுற்ற குடலின் விளிம்புகளை ஒன்றுசேர்த்து, பெரிய கரிய எறும்புகளைக் கடிக்கவிட்டு, கவ்விய தலைகள் அங்கேயே நிற்க உடல்களை மட்டும் நீக்கிவிடும் உபாயத்தைச் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. இன்று உலோகக் கவ்விகள் செய்யும் வேலையை எறும்பின் தாடையில் கண்டுகொண்ட அந்தப் புராதன நுண்ணறிவை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

குடற்சுவர் பார்வைக்கு ஒரே மெல்லிய தோலாகத் தோன்றினாலும், உள்ளே சளிச்சவ்வு, அதனடியில் ஒரு நார்ப்படலம், அப்பால் தசை, எல்லாவற்றுக்கும் வெளியே வழவழப்பான வெளிச்சவ்வு என நான்கு அடுக்குகள் கொண்டது. விளிம்பும் விளிம்பும் தொடும்படி தைப்பதைவிட, வெட்டுவாய்களை உட்புறமாக மடித்து வெளிச்சவ்வோடு வெளிச்சவ்வு படியும்படி தைத்தால் அவை விரைவில் ஒட்டிக்கொள்ளும் என்பதை 1826-இல் பிரான்ஸ் தேசத்து லாம்பேர் எடுத்துக் காட்டினார். அவர் பெயரால் வழங்கும் தையல் இன்றைக்கும் கற்பிக்கப்படுகிறது. ஆனால் நூல் எந்த அடுக்கைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. நாய்களிடத்தில் பல பரிசோதனைகள் செய்த அமெரிக்கரான ஹால்ஸ்டெட், தசையும் வெளிச்சவ்வும் நூலின் இழுப்புக்குக் கிழிந்துபோக, சளிச்சவ்வின் அடியிலுள்ள நார்ப்படலம் ஒன்றே உறுதியாகத் தாங்குவதை 1887-இல் வெளியிட்டார். நெடுங்காலம் குடலைத் தைக்கப் பயன்பட்ட கரையும் நூலும் ஆட்டுக்குடலின் அதே நார்ப்படலத்திலிருந்து திரிக்கப்பட்டதுதான் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

துணியில் தையல் உள்ளவரைதான் சேர்க்கை. குடலிலோ தையல் தற்காலிகத் துணை மட்டுமே. சஸ்திர சிகிச்சைக்குப் பிந்திய முதல் சில தினங்களில் வெட்டுவாயிலுள்ள பழைய நார்ப்பொருள் கரைந்து, புதியது இன்னும் போதிய அளவு உருவாகாத நிலையில், இணைப்பு தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. அந்த இடைவெளியைக் கடக்கும் வரை நூல் தாங்கினால் போதும். ஆகவே முடிச்சை இறுக்கிக் கட்டுவது பலம் என்று எண்ணுவது பெரும் பிழை. இறுகிய முடிச்சு விளிம்பின் ரத்த ஓட்டத்தைத் தடுத்து, எந்தத் திசு வளர்ந்து சேர வேண்டுமோ அதையே மடியச் செய்கிறது. வெட்டுவாயில் செந்நிற ரத்தம் கசிகிறதா, முனைகள் இழுபடாமல் வந்து சேர்கின்றனவா, அப்பால் அடைப்பு ஏதுமில்லையா என்று பார்க்காமல் ஊசியை எடுக்கும் வைத்தியருக்கு எத்தகைய கைத்திறமையும் உதவாது.

உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு வரிசை தைப்பதே முன்னாளில் பாதுகாப்பு என்று கருதப்பட்டது. ஒரே வரிசையாகத் தைத்தாலும் கசிவு அதிகமாவதில்லை என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியிருப்பதால், குறைந்த நேரத்தில் முடிவதும் குழாயை அதிகம் குறுக்காததுமான அம்முறையைப் பலர் மேற்கொள்கிறார்கள். 1908-இல் புடாபெஸ்ட் நகரில் ஹூல்ட்ல் என்ற சஸ்திர வைத்தியர் உபயோகித்த கனத்த இயந்திரத்திலிருந்து வளர்ந்ததும், நூலுக்குப் பதில் உலோகக் கம்பிகளால் தைப்பதுமான இன்றைய ‘ஸ்டேப்ளர்’ கருவியிலும், கம்பிகள் முழுதும் நசுங்காமல் இடைவெளி விட்டு மடங்குவது, விளிம்புக்கு ரத்தம் செல்வதற்காகவே.

‘கஞ்சி எப்போது கொடுக்கலாம்?’ என்பதே உறவினர்களின் முதற் கேள்வி. வாயு பிரியும் வரை பட்டினி போடுவது பழைய வழக்கம். சிறுகுடலின் அசைவு சில மணி நேரத்திலேயே திரும்பிவிடுவது தெரிந்த பிறகு, நோயாளியின் நிலை இடம் கொடுத்தால் மறுநாளே நீராகாரம் தொடங்குகிறார்கள். எனினும் ஒரு வாரம் கடக்கும் வரை காய்ச்சலையும் நாடித்துடிப்பையும் வயிற்று வலியையும் கவனித்தே வருகிறார்கள், ஏனெனில் கசிவு பெரும்பாலும் அந்தத் தினங்களில்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறது.