மஞ்சள் பையும் மருத்துவமனைக் கணினியும்

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் வேறொரு மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமைக் காலை, புறநோயாளிகள் பிரிவில் உட்கார இடமின்றி மக்கள் நிறைந்திருந்த வேளையில், எங்கள் கணினித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. சர்வரில் பழுது என்றார்கள். எப்போது சீராகும் என்று எவராலும் சொல்ல இயலவில்லை.

அப்போது என் முன்னே அமர்ந்திருந்தவர் அறுபத்திரண்டு வயதுடைய ஒரு விவசாயி. நெடுநாள் சர்க்கரை நோயால் சிறுநீரகம் ஓரளவு பாதிக்கப்பட்டு, எங்களிடம் தொடர்ந்து சிகிச்சை பெற்றுவந்தவர். சில நாட்களாகச் சோர்வும் கால் வீக்கமும் இருப்பதாகச் சொன்னார். அன்று காலை எடுத்த இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 3.8 என்று ஆய்வகத்தினர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பியிருந்தனர்.

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருள். இரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று பொருள். ஆனால் 3.8 என்ற எண் தனியே நின்றால் அது பாதிக் கதையைத்தான் சொல்லும். சென்ற மாதம் அது 3.6 ஆக இருந்திருந்தால், பழைய நோய் மெல்ல நகர்கிறது என்று கொள்ளலாம். சென்ற மாதம் 1.9 ஆக இருந்திருந்தால், அண்மையில் ஏதோ ஒன்று சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கிறது; அன்றே அனுமதித்துக் காரணத்தைத் தேட வேண்டும். அந்தச் சென்ற மாத எண் எங்கள் கணினிக்குள் இருந்தது. கணினியோ திறக்கவில்லை.

அவருடைய மனைவி, மடியில் வைத்திருந்த மஞ்சள் துணிப்பையைப் பிரித்தார். "எல்லாம் தேதி வாரியா அடுக்கி வச்சிருக்கேன் டாக்டர்" என்றார். மேலிருந்த தாளிலேயே விடை இருந்தது: 1.9. உடனே அனுமதித்தோம். முழங்கால் வலிக்காகப் பத்து நாட்களாகக் கடையில் வாங்கிய வலி மாத்திரைகளை அவர் உட்கொண்டுவந்தது விசாரித்தபோது தெரிந்தது. மாத்திரையை நிறுத்தி, உரிய சிகிச்சை அளித்ததும், டயாலிசிஸ் தேவைப்படாமலேயே சிறுநீரகம் ஏறத்தாழப் பழைய நிலைக்குத் திரும்பியது.

அன்று எங்கள் கணினியை எவரும் தாக்கவில்லை. அது வெறும் இயந்திரப் பழுது. எனினும் அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நோயாளியின் தகவல்களைக் காப்பது கணினிப் பிரிவின் வேலை என்று அதுவரை எண்ணியிருந்தேன். அது சிகிச்சையின் ஒரு பகுதி. அதில் மருத்துவருக்கும் செவிலியருக்கும் பங்கு உண்டு. உங்களுக்கும் பங்கு உண்டு.

பூட்டப்பட்ட மருத்துவமனைகள்

ஒரு நோயாளியின் மருத்துவப் பதிவு மூன்று வகையில் பாதுகாப்பாக இருக்க வேண்டும். வேண்டிய நேரத்தில் அது கிடைக்க வேண்டும். பதிந்தது பதிந்தபடியே மாறாமல் இருக்க வேண்டும். உரியவர் தவிர வேறு எவர் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும். வங்கிகளும் வணிக நிறுவனங்களும் தம் தரவுகளுக்கு வேண்டுவதும் இவற்றையே. மருத்துவமனையில் இவற்றுள் ஒன்று தவறினாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

முதலாவது தவறினால் என்ன நேரும் என்பதை 2017 மே 12 அன்று உலகம் கண்டது. 'வானாகிரை' என்ற நச்சு மென்பொருள் அன்று தொடங்கி 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. இத்தகைய மென்பொருளை 'ரான்சம்வேர்' என்பர். திருடன் நம் வீட்டுப் பொருளைத் தூக்கிச் செல்லாமல், நம் வீட்டுக் கதவில் தன் பூட்டைப் போட்டுவிட்டு, சாவிக்குப் பணம் கேட்பதைப் போன்றது இது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் 236 மருத்துவமனை அமைப்புகளுள் 81 பாதிக்கப்பட்டன. சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகளும் அறுவைச் சிகிச்சைகளும் தடைப்பட்டிருக்கலாம் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. சில இடங்களில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் தொலைவிலுள்ள வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது.

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்த மென்பொருள் நுழைந்த ஓட்டையை அடைப்பதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே, வெளியிட்டிருந்தது. பல கணினிகளில் அது நிறுவப்படவில்லை. தடுப்பூசி கையிருப்பில் இருந்தும் போடாமல் விட்டதற்கு ஒப்பானது இது.

அயர்லாந்தின் அரசு சுகாதார சேவைக்கு நேர்ந்தது இன்னும் கடுமையானது. 2021 மார்ச்சில் ஊழியர் ஒருவர், மின்னஞ்சலில் இணைப்பாக வந்த ஒரு எக்செல் கோப்பைத் திறந்தார். அவ்வழியே நுழைந்தவர்கள் எட்டு வாரங்கள் கணினி வலையமைப்புக்குள் ஒளிந்திருந்தனர். இடையில் எச்சரிக்கைக் குறிகள் தோன்றியும் தக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை. மே 14 அன்று அவர்கள் கோப்புகளைப் பூட்டினர். நாடு முழுவதும் கணினிகளை நிறுத்திவிட்டு, மருத்துவர்கள் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பினர். புற்றுநோயாளிகள் சிலரின் கதிர்வீச்சுச் சிகிச்சை தடைப்பட்டு, வேறு மருத்துவமனைகளில் தொடர ஏற்பாடு செய்யப்பட்டது. அரசு பணம் தர மறுத்தது. ஒரு வாரத்திற்குள் தாக்கியவர்களே பூட்டைத் திறக்கும் மென்பொருளைக் கொடுத்துவிட்டனர். அப்படியும் எல்லாச் சர்வர்களும் மீள்வதற்குச் செப்டம்பர் ஆயிற்று.

நம் நாட்டிலும் இது நிகழ்ந்திருக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டன. பதிவு, அனுமதி, பரிசோதனை முடிவு அனைத்தும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கையாலேயே எழுதப்பட்டன. தாக்குதலுக்கு ஆளாகாத ஒரு மாற்றுச் சர்வரில் நகல் இருந்ததால் தரவுகளை மீட்க முடிந்தது. இந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம் எளியது: நகல் இருப்பவர் பிழைப்பார்.

சொன்னது வெளியே போனால்

பூட்டப்பட்ட கோப்பைத் திறந்துவிடலாம். வெளியே கசிந்த இரகசியத்தைத் திரும்பப் பெற வழியில்லை. பின்லாந்தில் 'வாஸ்தாமோ' என்ற தனியார் நிறுவனம் பல ஊர்களில் மனநல ஆலோசனை நிலையங்களை நடத்திவந்தது. அதன் தரவுத்தளம் முறையாகப் பாதுகாக்கப்படவில்லை. ஆலோசகரிடம் மனம் திறந்து பேசியவற்றின் குறிப்புகள் உட்பட, ஏறத்தாழ 33,000 பேரின் பதிவுகள் திருடப்பட்டன. 2020 அக்டோபரில் திருடியவர் நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினார்: 200 யூரோ கொடு, இல்லையேல் உன் குறிப்புகளை ஊரறியச் செய்வேன் என்று. மறு ஆண்டு நிறுவனம் திவாலாயிற்று. 2024-இல் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆறு ஆண்டுகளுக்கும் மேலான சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் இணையத்தில் வெளியானவை வெளியானவைதாம்.

கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். வங்கி அட்டை திருடுபோனால் வேறொன்று வாங்கலாம். ஒருவருக்கு இருக்கும் நோயை அப்படி மாற்ற இயலாது.

மருத்துவன் என்ற முறையில் எனக்கு இதைவிடப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. இரகசியம் காக்கப்படாது என்று தோன்றினால் நோயாளி உண்மையைச் சொல்ல மாட்டார். மது அருந்துவதை மறைப்பார். காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதை மறைப்பார். மணமாகாத பெண் தன் வலிப்பு நோயை மறைப்பாள். மறைக்கப்பட்ட ஒரு செய்தியால் நான் தவறான மருந்தை எழுதக்கூடும். நோயாளியின் இரகசியம் காப்பேன் என்ற உறுதி, ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் பழைய உறுதிமொழியிலேயே இடம்பெற்றது இதனால்தான்.

சினம் கொள்ளாதீர்கள்

மருத்துவமனையில் உங்களுக்குச் சலிப்பூட்டும் சில நடைமுறைகளின் காரணம் இப்போது விளங்கும். ஒவ்வொரு முறையும் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்கிறோம். ஒரே பெயர் கொண்ட இருவரின் பதிவுகள் கலந்துவிட்டால், ஒருவருக்குரிய மருந்து மற்றவருக்குப் போகும். தொலைபேசியில் "நான் அவருடைய சித்தப்பா பேசுகிறேன், எப்படி இருக்கிறார்?" என்று கேட்பவருக்கு விவரம் சொல்ல மறுக்கிறோம், பேசுபவர் யார் என்று உறுதிசெய்ய வழியில்லை. நீங்கள் பென் டிரைவில் கொண்டுவரும் ஸ்கேன் படத்தை எங்கள் கணினியில் உடனே செருகத் தயங்குகிறோம். அதில் நச்சு மென்பொருள் இருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும்.

நாங்களும் தவறுபவர்களே. மறந்துவிடுமோ என்று அஞ்சி, கடவுச்சொல்லை ஒரு சிறு தாளில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் ஒட்டிவைத்திருந்தவன் நான். ஒரு நாள் இளம் செவிலியர் ஒருவர் அதைக் கண்டு, "சார், இதை வச்சு யார் வேணும்னாலும் உங்க பேர்ல மருந்து எழுதலாமே" என்றார். வெட்கத்தோடு அன்றே கிழித்தெறிந்தேன். எங்களில் எவரேனும் உங்கள் பதிவைத் திறந்துவைத்துவிட்டு எழுந்து போவதைக் கண்டால் நீங்களும் சொல்லலாம். அது குறை கூறுவதாகாது, உதவி.

நீங்கள் செய்யக்கூடியவை

முதலாவதாக, நகல் வைத்திருங்கள். கடைசியாகப் பெற்ற டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், ஒவ்வாத மருந்துகளின் பெயர்கள், கடைசி மூன்று பரிசோதனை முடிவுகள் ஆகிய நான்கும் போதும். கைபேசியில் படம் எடுத்து வைத்தால், அந்தக் கைபேசிக்குப் பூட்டு இருக்கட்டும். காகித நகலையும் கைவிட வேண்டாம். மின்னூட்டம் தீர்ந்துவிடும் என்ற கவலை அதற்கில்லை.

இரண்டாவதாக, பரிசோதனை அறிக்கையை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள். அதில் நோயின் விவரத்தோடு பெயர், வயது, மருத்துவமனைப் பதிவு எண் முதலியனவும் இருக்கும். வேறொரு மருத்துவரின் கருத்து தேவையெனில் அவருக்கு மட்டும் அனுப்புங்கள். ஆதார் நகல் கொடுக்க நேரும்போது, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் ஏற்கப்படுமா என்று கேளுங்கள்.

மூன்றாவதாக, அவசரப்படுத்தும் அழைப்புகளை ஐயுறுங்கள். வேண்டியவர் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது, "மருத்துவமனையிலிருந்து பேசுகிறோம், உடனே இந்த எண்ணுக்குப் பணம் அனுப்பினால்தான் ஊசி போட முடியும்" என்று குரல் வந்தால் எவருக்கும் கை நடுங்கும். ஏமாற்றுவோர் நம்பியிருப்பது அந்த நடுக்கத்தைத்தான். அழைப்பைத் துண்டியுங்கள். பில்லில் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள், அல்லது கவுண்டரில் நேரில் கேளுங்கள். ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். விரைந்து சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு கூடும்.

நான்காவதாக, உங்கள் உரிமையை அறிந்துகொள்ளுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம் தகவல்களைப் பாதுகாத்துக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்டு என்பதை ஏற்கிறது. தம்மைப் பற்றிய எந்தத் தகவல் கையாளப்படுகிறது என்று கேட்கவும், பிழையிருந்தால் திருத்தச் சொல்லவும் அது வழிசெய்கிறது. பதினான்கு இலக்க 'ஆபா' சுகாதார எண் வைத்திருப்போர், பதிவுகளைப் பகிர ஒப்புதல் கேட்கப்படும்போது, யார் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார் என்று படித்த பின்னரே ஒப்புதல் தாருங்கள். அறிக்கையில் வயதோ இரத்த வகையோ தவறாக இருந்தால் சிறு பிழை என்று விட்டுவிடாதீர்கள். அங்கேயே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த விவசாயி இன்றும் ஆண்டுக்கு இரு முறை என்னைப் பார்க்க வருகிறார். எங்கள் கணினியில் அவருடைய எண்கள் அனைத்தும் அழகிய வரைபடமாகவே தெரிகின்றன. ஆயினும் அவர் மனைவி மஞ்சள் பையைக் கொண்டுவரத் தவறுவதில்லை. சென்ற முறை, "இன்னும் இது எதுக்கு, விட்டுட்டு வரட்டுமா?" என்று கேட்டார். கொண்டு வாருங்கள் அம்மா என்றேன். அடுத்த முறை வரும்போது நீங்களும் ஒன்று கொண்டு வாருங்கள்.