ஒருபாதி கறுப்பு, ஒருபாதி வெள்ளை

அமெரிக்காவின் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரில் 1969 ஜனவரி 10ஆந் திகதி ஒளிபரப்பான கதையொன்று நிறப்பகையைப் பற்றியது. செரோன் என்னுங் கோளைச் சேர்ந்த பீலுக்கு முகத்தின் வலப்பாதி கறுப்பு, இடப்பாதி வெள்ளை. அவன் 50,000 ஆண்டுகளாகத் துரத்திவரும் லோக்காய்க்கோ வலப்பாதி வெள்ளை, இடப்பாதி கறுப்பு. விண்கலத் தலைவர் கேர்க் இவ்வேற்றுமையைக் காணவேயில்லை. பீல் எடுத்துச் சொல்லும்வரை பார்ப்போரும் காணார். இவ்விடம் மிக நன்று.

தீர்ப்பிலேதான் கதை இடறுகின்றது. லோக்காயின் இனத்தவர் அடிமைகளாயிருந்தோர். பீலோ அடக்கியாண்ட இனத்தவன். ஆயினும், மடிந்துபோன செரோனிலும் பகை ஓயாத இரு மூடர்களாகவே இருவருங் காட்டப்படுகின்றனர். 1968 ஏப்பிரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட நாட்டில், ஒன்பதே மாதங்களின் பின் இவ்வாறு காட்டுவது நடுவுநிலையாகுமா? லோக்காய் அடைக்கலம் வேண்டுகின்றான். கேர்க்குக்கோ அவன் களவாடிய சிறுகலமே பெரிதாகத் தோன்றுகின்றது.