கடித்தது நாய், கம்பி எண்ணுவது எஜமான்!

பள்ளிபாளையம்:-

“ஒண்ணும் பண்ணாது, சும்மா வாங்க!”

நாய் வளர்க்கும் வீட்டு வாசலில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு இது. ராத்திரி ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பும் தறிக்காரருக்கு இந்த சமாதானம் போதுமா?

சென்னையில் நடந்ததைக் கேளுங்கள்! 2024 மே 5-ந் தேதி. ஆயிரம்விளக்கு மாநகராட்சி பூங்காவில் 5 வயது சிறுமி விளையாடிக் கொண்டிருந்தாள். கயிறு கட்டாமல் விட்ட 2 ‘ராட்வீலர்’ நாய்கள் பாய்ந்து தலையைக் குதறின. தடுக்க ஓடிய தாய்க்கும் காயம். சிறுமிக்கு ஆபரேஷன் நடந்தது. நாய்களின் சொந்தக்காரரை போலீசார் கைது செய்தனர்.

அப்போது இருந்தது இ.பி.கோ. 289. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவு. வளர்ப்புப் பிராணியை அஜாக்கிரதையாக விட்டால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டுமே! சென்னைக்கு மட்டுமல்ல, காவிரிக்கரைக்கும் இதே சட்டம்தான்.

நாயைக் குறை சொல்லிப் பயனில்லை. குட்டி 3 மாதம் ஆவதற்குள் வெளியாள், சைக்கிள், தறிச் சத்தம் எல்லாம் பழக்கணும். சொன்னதைக் கேட்டால் ஒரு துண்டு பிஸ்கட், அடி வேண்டாம். அடிபட்ட நாய் பயத்திலேயே கடிக்கும். தபால்காரரை விரட்டினால் “வீரன்” என்று தட்டிக் கொடுக்கும் மகராசர்களும் இருக்கிறார்கள்!

வெறிநோய் தடுப்பூசி போட்ட சீட்டு கையில் இருக்கட்டும். கடிபட்டவர் வீட்டார் முதலில் கேட்பது அதைத்தான். சீட்டு இருந்தாலும், காயத்தை 15 நிமிடம் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகணும்.