சருகு வாங்கிய கைமாத்து!

"பி.காம். படிச்சவனுக்கு விவசாயத்துல என்னடா வேலை?" என்று அப்பா அன்றே கேட்டார். நான்தான் காதில் வாங்கவில்லை.

பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டைப் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் என் மாமாவுக்கு மூணு ஏக்கர் மானாவாரி நிலம். வருஷா வருஷம் வேலியோரத் தைல மரச் சருகைக் கூட்டிக் கொளுத்திவிடுவார். போன வருஷம் நான் குறுக்கே புகுந்தேன்.

"மாமா, மலையைப் பாருங்க. அங்கே யார் யூரியா போடறாங்க? உதிர்ற சருகு மக்கித்தானே மரம் வளருது! கொளுத்தாம உழுது போடுங்க!"

மனுஷர் நம்பிவிட்டார். புரட்டாசியில் ஒரு ஏக்கரில் சருகைப் போட்டு உழுது, மக்காச்சோளம் விதைத்தார். இருபதாம் நாள் போன்.

"மாப்ளே... பயிருக்கு மஞ்சக்காமாலை வந்துடுச்சு. வந்து பாரு!"

போய்ப் பார்த்தேன். சருகு போட்ட இடம் மட்டும் மஞ்சள். அத்தை கொடுத்த காபியில் சர்க்கரை இல்லை. அந்த ஏக்கரில் கடைசியில் பாதி மகசூல்தான்.

காரணத்தைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது... எல்லாம் நம்ம வரவு-செலவுக் கணக்கேதான் சார்!

சருகை மக்க வைப்பவை மண்ணிலுள்ள பாக்டீரியாவும் பூஞ்சையும். அவற்றின் சாப்பாட்டில் சுமார் 25 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் வேண்டும். காய்ந்த சருகிலோ 50, 60 பங்கு கார்பனுக்குத்தான் 1 பங்கு நைட்ரஜன். பற்றாக்குறை பட்ஜெட்! உடனே மண்ணிலிருக்கும் நைட்ரஜனைக் கைமாத்து வாங்கிவிடும். அவை செத்து மடியும்போதுதான் கடன் திரும்பும். அதுவரை பயிர் பட்டினி!

காட்டில் மட்டும் எப்படி? அங்கே சருகை யாரும் உழுது வேரோடு கலப்பதில்லை. மேலேயே கிடந்து நிதானமாக மக்குகிறது. பழைய கடன் வசூலாக, புதுக் கடன் போக, கணக்கு ஓடுகிறது.

ஆனால் காட்டிலும் பணம் பணத்தோடுதான் சேர்கிறது. வளமான மண்ணில் நிற்கும் மரத்தின் இலையில் சத்து அதிகம். சீக்கிரம் மக்கும், மண் மேலும் வளமாகும். ஏழை மண்ணிலிருக்கும் மரமோ மாசக் கடைசிக் குடும்பஸ்தன் மாதிரி. உதிர்க்கும் முன்பே இலையிலிருக்கும் நைட்ரஜனைக் கறாராக உறிஞ்சிக்கொள்ளும். கீழே விழுவது தடித்த, துவர்ப்பேறிய சக்கை. அது மக்க நாளாகும்.

சுண்ணாம்புச் சத்துக்கும் இதில் பங்குண்டு. போலந்தில் 14 வகை மரங்களை ஒரே இடத்தில் நட்டுப் பார்த்தார்கள். 2005-ல் வெளியான முடிவு: சுண்ணாம்புச் சத்து மிகுந்த இலை உதிர்க்கும் மரத்தடியில் மண்புழு ஜாஸ்தி, சருகும் வேகமாகக் காலி!

"அப்போ சருகு மேல யூரியாவை அள்ளிக் கொட்டிட்டா?" என்றார் மாமா.

அதுவும் பிசகு. நைட்ரஜன் ஆரம்பத்தில் வேலையை முடுக்கிவிடும். கடைசியில் மிஞ்சுவது லிக்னின் என்ற கெட்டிச் சரக்கு. நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் பூஞ்சைகள் அதை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. பை நிறையக் காசிருந்தால் எவன் ஓவர்டைம் பார்ப்பான்?

மக்காமலே போனால்? இதே மாவட்டத்துச் சாத்தனூருக்குப் போய்ப் பாருங்கள். பல கோடி வருஷத்துக்கு முன் கடல் வண்டலில் புதைந்த மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்க் கிடக்கிறது. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தது. வாங்கிய சத்தை மண்ணுக்குத் திருப்பியே தராத மரம். எங்கள் பாஷையில், வாராக்கடன்!

சருகைக் கொளுத்தினாலோ நைட்ரஜனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். முதலுக்கே மோசம்.

அதனால் இந்த வருஷம் சருகைக் குழியில் கொட்டி, சாணமும் பச்சைத் தழையும் சேர்த்து, ஈரம் காயாமல் மக்கவிட்டோம். கடன் குழிக்குள்ளேயே தீர்ந்தது. மக்கியதை எடுத்துப் போட்டு விதைத்தோம். பயிர் பச்சை!

"மாப்ளே, மலையைப் பாருன்னு சொன்னியே... அது அவசரப்படாதுங்கறதை மட்டும் சொல்லாம விட்டுட்டியே!" என்றார் மாமா.

அன்று காபியில் சர்க்கரை இருந்தது.