ஜமாபந்தி மேஜைக்குப் பின்னால்

பந்தலில் கலெக்டர், எதிரே மனுவோடு மக்கள். வருஷாந்திர கிராமக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி என்றால் பேப்பரில் வருகிற படம் இதுதான். அந்த மேஜையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வாருங்கள், அமர்க்களமே அங்கேதான்!

முந்தின நாள் சாயங்காலம். தாலுகா ஆபீஸ் வாசலில் சாமியானா ஏறுகிறது. உள்ளே கிராம நிர்வாக அலுவலர்கள், அதாவது வி.ஏ.ஓ.க்கள், துணியில் கட்டிய கணக்குகளோடு வந்து இறங்குகிறார்கள். “டோட்டல் இடிக்குதுண்ணே, ஏரிப் பாசனம் எவ்வளவு போட்டீங்க?” என்று ஒரு குரல். வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) கையெழுத்து விடுபட்ட பக்கம் ஒன்று அகப்பட்டால் போதும், அவரைத் தேடி ஆள் பறக்கும். எந்த சர்வே நம்பரில் என்ன பயிர், எந்தத் தண்ணீரில் விளைந்தது, எல்லாம் அடங்கலில் இருக்கிறது. மரங்களுக்குக்கூட 2-சி என்று தனிக் கணக்கு!

இங்கே வருஷமே வேறு. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை இவர்களுக்கு பசலி 1434. அக்பர் காலத்து அறுவடைக் கணக்கு இன்னும் நம் தாலுகாவில் உயிரோடு ஓடுகிறது என்பதே எனக்குப் புல்லரிப்பு.

காலையில் இன்னொரு காட்சி. நில அளவைச் சங்கிலியைத் தரையில் நீட்டிப் போட்டு, ஜமாபந்தி அலுவலர் குனிந்து சரிபார்க்கிறார். சங்கிலி பிசகினால் ஊர் வரப்பெல்லாம் வம்புதானே!

பக்கத்தில் கைகட்டி நிற்கிற இளம் வி.ஏ.ஓ.வைப் பாருங்கள். 1980 வரை கர்ணம், மணியக்காரர் வேலைகள் பெரும்பாலும் பரம்பரையாக வந்தவை. எம்.ஜி.ஆர். அரசு அவற்றை ஒழித்தது. அவற்றின் இடத்தில் வந்த வி.ஏ.ஓ. வேலைக்கு இப்போது குரூப் 4 தேர்வு எழுதி வரலாம். அப்பா யார் என்று அந்த நாற்காலி கேட்பதில்லை. அரசு வேலை என்றாலே பிள்ளைகள் கலெக்டர் கனவு காண்கிறார்கள், காணட்டும். ஆனால் கோட்டையில் பயிர் நிவாரணம் என்று அறிவித்தால், யார் வயலில் என்ன இருந்தது என்று சொல்ல இவருடைய அடங்கல்தான் வரவேண்டும். அரசாங்கத்தை இவ்வளவு கிட்டத்தில் தொட்டுப் பார்க்கிற வேலை வேறு எது!

கடைசி நாள் குடிகள் மாநாடு. விவசாயிகள் மைக் பிடிப்பார்கள். வாய்க்கால் தூர்வாரவில்லை என்று அதிகாரி முகத்துக்கு நேரே கேட்பார்கள். பட்டா ஆணை வாங்கியவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் மடிப்பார். வி.ஏ.ஓ.க்களோ அதற்குள் கணக்குகளைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். ஜூலை 1 பிறந்தால் அடுத்த பசலி, புது அடங்கல்!